தீக்குச்சி ஏன் குனிந்தாள்

வீடியோ சண்டை விளையாட்டுகளில் எனக்குச் சண்டை போட வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கட்டை விரல் அத்தனை வேகமாக ஓடாது. பள்ளிக்கூடத்துப் பொடியன் இடது கையால் பிஸ்கட் தின்றுகொண்டே என்னை மண்ணைக் கவ்வ வைத்துவிடுவான். நான் அதில் இருப்பது கதைக்காக. யார் யாருக்கு உறவு, யார் யாருக்குப் பகை, போன பாகத்தில் செத்தவன் இந்தப் பாகத்தில் எப்படி எழுந்து வந்தான், இதெல்லாம்தான் என் துறை. சிரிக்கிறீர்கள். பரவாயில்லை ஐயா. என் மனைவியும் ஆரம்பத்தில் சிரித்தாள். "பொம்மைங்களுக்குப் பொருத்தம் பாக்குற ஒரே மனுஷன் நீங்கதான்" என்பாள். பிறகு சிரிப்பதை நிறுத்தினாள். அதற்கப்புறம் மகளை அழைத்துக்கொண்டு போய்விட்டாள்.

நாங்கள் ஆராய்ந்த விளையாட்டில் ஒரு பெண் உண்டு. ஒல்லி உடம்பு, செந்தலை. அவளுக்குத் தீக்குச்சி என்று நாங்கள் பெயர் வைத்தோம். கொல்லன் என்று ஒருவன் உண்டு. மலை மாதிரி ஆள், கையில் சம்மட்டி. ஒவ்வொரு சண்டைக்கு முன்னாலும் இருவர் எதிரெதிரே வந்து நிற்பார்கள். எவன் வந்தாலும் தீக்குச்சி முகவாயைத் தூக்கிக்கொண்டு, வாடா பார்க்கலாம் என்பது போல நிற்பாள். கொல்லன் வந்தால் மட்டும் ஒரு கணம் தலையைக் குனிவாள். பிறகுதான் முஷ்டியை உயர்த்துவாள். அவ்வளவுதான். தும்மினால் தவறிவிடும். விளையாட்டைச் செய்த நிறுவனம் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவர்கள் வாய் திறக்காத இடத்தில்தான் எங்களைப் போன்றவர்களுக்கு வேலை.

கொல்லன்தான் அவளைப் பெற்ற தகப்பன். அவளுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அதனால் குனிகிறாள். இதை உலகத்தில் முதலில் சொன்னவன் நான். இல்லை, அவள் தகப்பனைக் கொன்றவனே கொல்லன், அவனை நேருக்கு நேர் பார்த்தால் பழிவெறி கண்ணில் தெரிந்துவிடும் என்று குனிகிறாள் என்றவர் கழுகுக்கண். அது இணையத்தில் அவர் சூட்டிக்கொண்ட பெயர். தொழில் பல் மருத்துவம். எங்களுக்கு மகள் கட்சி என்றும் அவர்களுக்குப் பழிக் கட்சி என்றும் பெயர் நிலைத்துவிட்டது.

இரண்டு கட்சியும் சேர்ந்ததுதான் எங்கள் கதைமாந்தர் வரலாற்று ஆய்வுப் பேரவை. நான் நிறுவனர், தலைவர், கொள்கை விளக்கக் குழுவின் ஒருங்கிணைப்பாளர். நாற்பது சொச்சம் உறுப்பினர்கள். பதவி இல்லாதவர்கள் இரண்டே பேர், அவர்களுக்கும் அடுத்த ஆண்டு ஆளுக்கொரு துணைக்குழு தருவதாக வாக்குக் கொடுத்திருந்தோம். எங்கள் செயலாளருக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கியபோது கழுகுக்கண் மரத்துப்போகிற ஊசியைக் கொஞ்சம் சிக்கனமாகப் போட்டார் என்று ஒரு பேச்சு உண்டு. இடுக்கியை உள்ளே விட்டுக்கொண்டு, "இப்பச் சொல்லுங்க. அப்பனா, பகையா?" என்று கேட்டாராம். செயலாளர் "அப்பந்தான்" என்று சொல்லிவிட்டு மயங்கினார். கருத்துக்காக ரத்தம் சிந்தியவர் என்று பாராட்டித் தீர்மானம் நிறைவேற்றினோம். வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. எங்களுக்குக் கருத்து என்றால் அந்த அளவுக்கு.

என் பிழைப்பு வேறு. ஒரு நாடக அரங்கத்தில் மேடைப் பொறுப்பாளர். விளக்கு, திரை, மேடையின் பின்பக்கம் மேசை நாற்காலிகளை அடியிலுள்ள கிடங்கிலிருந்து ஏற்றி இறக்குகிற தளம், எல்லாம் என் கையில். இத்தனை வருடத்தில் என் மேடையில் ஒருவருக்குக் கால் சுளுக்கியது கிடையாது. பேரவையின் ஆண்டுக் கூட்டமும் அங்கேதான் நடக்கும்.

இந்த ஆண்டு சிறப்பு விருந்தினராக அந்த அம்மாளைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தவர் செயலாளர். பொம்மைகள் தானாக நடப்பதில்லை ஐயா. உண்மையான ஆளை நடக்க வைத்து, அந்த அசைவைப் பதிவு செய்து பொம்மைக்கு ஏற்றுவார்கள். தீக்குச்சிக்கு உடம்பு கொடுத்தவர் இவர். சினிமாவில் கதாநாயகிகளுக்குப் பதிலாக மாடியிலிருந்து குதித்தவர். இப்போது குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிறார். ஐம்பதைத் தாண்டியவர், சிரித்தால் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும்.

கூட்டத்துக்கு முதல் நாள் அரங்கத்தின் ஒப்பனை அறையில் உட்கார்ந்திருந்தோம். நான், செயலாளர், கழுகுக்கண், அந்த அம்மாள். செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அம்மா, கொல்லன் முன்னால அந்தக் குனிவு இருக்கே. அதுல என்ன உணர்வக் கொண்டு வந்தீங்க?"

"எந்தக் குனிவு?"

நான் மடிக்கணினியில் போட்டுக் காட்டினேன். அவர் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி பார்த்தார்.

"அட, இதுவா. பட்டையத் தேடுறேன் சார்."

"எந்தப் பட்டைம்மா?"

"தரையில ஒட்டுவாங்கள்ல, நிக்கிற எடத்துக்கு அடையாளமா. மத்தவங்களோட நிக்கிறப்ப எனக்கு ஒரே எடந்தான், கண்ண மூடிக்கிட்டுப் போய் நின்னுருவேன். அந்தச் சம்மட்டிக்காரர் இருக்காரே, ஆளு பூதம். கைய நீட்டுனா என் மூக்குல இடிக்கும். அதனால அவரோட நிக்க மட்டும் கொஞ்சம் பின்னால வேறொரு பட்டை ஒட்டுனாங்க. எங்க ஒட்டித் தொலைச்சாங்கன்னு குனிஞ்சு பாத்தேன். இன்னொரு தடவை எடுக்கலாமான்னு கேட்டேன். 'விடும்மா, சாப்பாடு வந்துருச்சு'ன்னுட்டாரு டைரக்டரு."

கழுகுக்கண்தான் முதலில் சிரித்தார். அவருடைய கட்சியும் அதே குழியில்தான் விழுந்திருந்தது. ஆனாலும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "தலைவரே, ரெண்டு கட்சி ஆபீசையும் ஒண்ணா மூடிரலாம். ஒரே பூட்டுப் போதும்" என்றார். செயலாளர் தன் கன்னத்தைத் தடவிக்கொண்டார், பல் இருந்த பக்கம்.

நான் நிதானமாகக் கேட்டேன். "அப்பாவ மனசுல வச்சுக் குனியச் சொன்னாங்களா? யோசிச்சுச் சொல்லுங்க."

"எங்கப்பாவையா? அவர் முன்னால நான் என்னிக்கு சார் குனிஞ்சேன்?" என்று மறுபடி சிரித்தார். "நாளைக்கு மேடையிலயே செஞ்சு காட்டுறேன். எல்லாரும் சிரிக்கட்டும்."

அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இதை நான் எங்கு வேண்டுமானாலும் சொல்லத் தயார்.

இங்கே ஒரு சொந்த விஷயம் சொல்ல வேண்டும். என் மகள் சின்ன வயதில் எப்போதும் தீக்குச்சியைத்தான் எடுப்பாள். எனக்குக் கொல்லன். ஆட்டம் தொடங்குமுன் திரையில் தீக்குச்சி குனியும்போது இவளும் என் பக்கம் திரும்பித் தலையைக் குனிவாள். அப்புறம் என்னைத் துவைத்து எடுப்பாள். அதன் அர்த்தத்தை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். அவர்கள் போன பிறகு நெடுநாள் பார்க்கவில்லை. போன வருடம் ஒரு வங்கிக் கட்டடத்தில் மின்தூக்கிக்காகக் காத்திருந்தேன். கதவு திறந்தது, உள்ளே அவள். வளர்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள். தலையைக் குனிந்தாள். கடந்து போய்விட்டாள்.

இதை என் தங்கையிடம் சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "அண்ணா, உன் மூஞ்சியில முழிக்கப் புடிக்காமக் குனிஞ்சுக்கிட்டுப் போயிருக்கா. இதுக்கு ஒரு ஆராய்ச்சியா?" என்றாள். அவளும் பழிக் கட்சி என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. நான் கோபப்படவில்லை. மகள் கையில் ஃபோன் இருந்தது உண்மை. ஆனால் திரை அணைந்திருந்தது. மின்தூக்கிக்கும் தரைக்கும் நடுவே இடைவெளி உண்டு, சிலர் அதைப் பார்த்துக் கால் வைப்பார்கள். அவள் கால் வைத்த பிறகுதான் குனிந்தாள். எல்லாச் சாத்தியங்களையும் அலசியாகிவிட்டது. மிஞ்சுவது ஒன்றுதான்.

அதனால் அந்த அம்மாள் சொன்னதை நான் சும்மா விட முடியவில்லை. பட்டையைத் தேடுகிறவள் ஒருத்தி என்று ஆகிவிட்டால் எல்லாரும் பட்டையைத் தேடுகிறவர்கள்தான். கூட்டம் நேரலையில் போகிறது. என் மகளும் பார்க்கலாம். பார்த்துச் சிரிக்கலாம்.

உணர்ச்சிவசப்பட்டு ஒரு கருத்தை அணுகக் கூடாது, சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது பேரவையின் முதல் விதி. நான் எழுதிய விதி. கூட்டத்தன்று காலையில் ஒத்திகை நடந்தது. கொல்லனாக நடித்தவர் ஏதோ தூர தேசத்தில் இருக்கிறாராம், எனவே பிளாஸ்டிக் சம்மட்டியோடு நானே நின்றேன். "கொல்லனுக்கு நீங்க ரொம்ப வத்தலா இருக்கீங்க சார். பரவால்ல, மொறச்சுப் பாருங்க, போதும்" என்று அந்த அம்மாள் என் தோளைத் தட்டினார். அவர் முகம் கூட்டத்துக்குத் தெரிய வேண்டும் என்பதால் நான் மேடையின் முன் விளிம்பில், கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றேன். அவர் பக்கவாட்டிலிருந்து வருவார், மேடை நடுவில் ஒட்டிய பட்டையில் என்னைப் பார்த்து நிற்பார், முஷ்டியை உயர்த்துவார், விளையாட்டில் உள்ளபடியே பின்பக்கமாக ஒரு துள்ளல் துள்ளுவார். அந்த வயதில் என்ன துள்ளல்.

எல்லாரும் சாப்பிடப் போனார்கள். நான் பட்டையை உரித்து, மேடையின் பின்பகுதியில், தளத்தின் விளிம்புக்குச் சற்று முன்னால் ஒட்டினேன். ஏற்றி இறக்குகிற தளத்தைக் கிடங்கு வரை கீழே இறக்கினேன். இரண்டு ஆள் ஆழம் இருக்கும், கீழே இரும்பு நாற்காலிகள். மேடையும் கறுப்பு, பள்ளமும் கறுப்பு. சுற்றிக் கட்டுகிற சங்கிலியைக் கழற்றிச் சுருட்டி ஓரமாக வைத்தேன், யாராவது தடுக்கி விழுந்துவிடக் கூடாது என்று.

யோசித்துப் பாருங்கள் ஐயா, அவருக்கு எல்லா வாய்ப்பும் இருந்தது. குனிய வைப்பது மனம்தான் என்றால் அவர் காலையில் நின்ற இடத்திலேயே நின்றிருப்பார், காலுக்குப் பழகிய இடம் அது. துள்ளினாலும் மேடைக்குள்தான் விழுந்திருப்பார். தரையில் ஒட்டியதைத்தான் தேடுகிறேன் என்று அவர் சொன்னது உண்மையாக இருந்தால் மட்டுமே ஆபத்து. அவருடைய சொல்லுக்கு நான் கொடுத்த மரியாதை அது. கூட்டம் தொடங்கி, ஒலிவாங்கியில் அவர் பட்டைக் கதையைச் சொன்னபோது அரங்கம் குலுங்கிச் சிரித்தது. பதவி இல்லாத அந்த இரண்டு பேர்தான் ரொம்பச் சத்தமாகச் சிரித்தார்கள்.

பிறகு விளக்கை ஏற்றினோம். அவர் உள்ளே வந்தார். நடுவில் பட்டை இல்லை. குனிந்து தேடினார். பின்னால் தெரிந்தது. ஓ, மாத்திட்டீங்களா என்பது போல என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு அங்கே போய் நின்றார். காரணம் கேட்கவில்லை. குதிக்கிறவர்களின் பழக்கம் அது, கீழே மெத்தை போட வேண்டியவன் போட்டிருப்பான் என்று நம்புவார்கள். முஷ்டியை உயர்த்தினார். துள்ளினார்.

கூட்டம் கைதட்டியது. மாடியிலிருந்து குதித்தவர் அல்லவா, இதுவும் ஒரு வித்தை என்று நினைத்தார்கள். நானும் தட்டினேன். கையில் சம்மட்டி இருந்ததால் சத்தம் வரவில்லை. கழுகுக்கண் ஒருவர்தான் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார். பள்ளத்தை எட்டிப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். பல் மருத்துவரானாலும் மருத்துவர்தான், கீழே இறங்கிக் கழுத்தைத் தொட்டதும் அவருக்குப் புரிந்துவிட்டது.

அவர் உங்களிடம் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். பட்டையைத் தேடிக் குனிந்தார், பட்டை சொன்ன இடத்தில் நின்றார், செத்தார். ஆக, அந்த அம்மாள் சொன்னதே சரி என்று தலைவர் தன் கையாலேயே நிரூபித்துவிட்டார். இப்படித்தானே? பல் மருத்துவர் பார்வை வாய்க்கு மேலே ஏறாது. எதிரே நின்றவன் நான். பட்டையில் ஏறி நின்ற பிறகு, முஷ்டியை உயர்த்தும் முன்னால், அவர் இன்னொரு தடவை குனிந்தார். காலடியில் பட்டை இருக்கும்போது அதற்குத் தேவையே இல்லை. அந்தக் குனிவு எனக்கு. கொல்லனுக்கு. இதை உறுதிப்படுத்த அவர் இப்போது இல்லை என்பது ஆய்வுக்கு ஒரு இழப்புதான்.

எழுதிக்கொள்ளுங்கள். பட்டையை மாற்றி ஒட்டியது நான். தளத்தை இறக்கியது நான். சங்கிலியைக் கழற்றியதும் நான். செயலாளருக்கு எதுவும் தெரியாது, அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம், ஏற்கனவே ஒரு பல்லை இழந்தவர்.

என் மகளுக்குத் தகவல் சொல்லிவிட்டதாகச் சொன்னீர்கள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை என்றீர்கள். வருவாள். எனக்கு ஒரே ஒரு உதவி செய்யுங்கள். வெளியே காவல் நிலைய நடைவழியில் ஆட்கள் வரிசையில் நிற்க மஞ்சள் கோடு போட்டிருக்கிறீர்கள். அவள் வருவதற்குள் அதைச் சுரண்டி எடுத்துவிடச் சொல்லுங்கள். தரை வெறுமையாக இருக்கட்டும். என்னைப் பார்த்ததும் அவள் தலை குனிவாள். அது எதற்காக என்று அப்புறம் ஒருவரும் விவாதம் கிளப்பக் கூடாது.