நடையைவிட மெதுவாகப் போகும் கியர்

எனக்கு எழுத்து சரியாக வராது, மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். கம்பம் ஊரில் சைக்கிள் கடையோரம் பஸ்ஸுக்கு நின்றபோது, பாத்திர வியாபாரி ஒருவர் கடைக்காரரிடம் சொன்னார்: “நடக்கிறதவிட மெதுவாப் போற கியர் மாட்டுங்கண்ணே.”

“எல்லாரும் வேகத்துக்குல்ல கேப்பாக?”

“முழங்கால் போச்சுண்ணே. மிதிச்சிருவேன், எறங்கித் தள்ளத்தான் முடியாது. சுமையோட குமுளி ஏத்தம் ஏறலேன்னா யாவாரத்த விட்ரணும்.”

கடைக்காரர் சிரிக்கவில்லை. “அப்ப மிதிக்கிற எடத்துல சின்னப் பல்சக்கரம், பின்னால பெருசு. எறங்கவே வேணாம்.”

போன வாரம் குமுளி பஸ்ஸில் போனேன். மலை வளைவில் அந்த வியாபாரி பாத்திர மூட்டையோடு மிதித்துக்கொண்டிருந்தார். டிரைவர் ஹாரனில் கை வைத்தார்.

“அடிக்காதீகண்ணே, பதறிக் கால ஊனிரப் போறாக” என்றார் கண்டக்டர்.

“இந்த வளைவுல எறங்காத சைக்கிள இப்பத்தான்டா பாக்குறேன்” என்ற டிரைவர், அவர் பின்னாலேயே பஸ்ஸை ஊர விட்டார்.

முன்னால் இருபத்திரண்டு பல், பின்னால் முப்பத்திநாலு என்று கடைக்காரர் சொன்னதாக ஞாபகம். தெரிந்தவர்கள் சரிபார்த்துச் சொல்லுங்கள்.