புகை டிரம்முக்குள் கிரைண்டர் கல்

சிங்காநல்லூரில் பஸ் ஏறியவர் பக்கத்து சீட்டுக்காரரிடம் கேட்டார்: "ஏனுங்க, கிரைண்டர் கல்லு வெடிக்குமுங்களா?"

"எதுக்குங்க?"

"ஊட்டுக்குப் பின்னாடி டிரம்முல கறிக்குப் புகை போட்டிருக்கேனுங்க. சூடு நிக்கட்டும்னு பழைய கிரைண்டர் கல்ல உள்ளார வெச்சுப்போட்டேன்."

"காஞ்ச கல்லுங்களா?"

"மாவு வாசம் கறியில ஏறக்கூடாதுன்னு நேத்தெல்லாம் தண்ணியில ஊறவெச்சுக் கழுவினதுங்க."

"அய்யோ, உள்ள இருக்கற தண்ணி ஆவியாச்சுன்னா கல்லு சிதறிப்போடுமுங்க! ஊட்டுல ஆரு இருக்காங்க?"

கல் வைத்தவர் மனைவியை அழைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டார். "அம்மணி, டிரம்முகிட்டப் போயிறாத!"

"இங்கதானுங்க நிக்கறேன். உள்ளார என்னமோ படபடங்குது. ஒரு குடம் தண்ணி ஊத்திப்போட்டு வாரேன், லைன்லயே இருங்க."

"வேண்டாம்!" என்று அவர் கத்தியபோது, போனில் டிரம்மின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது.