டேப்புக்கு ஒரு கால்

மேடம், நீங்க டைப் பண்ணிக்கிட்டிருக்கற டேப் ரொம்பப் பழைய மாடல். அதோட பேட்டரி மத்தியானத்துக்கு மேல தாங்காது. இப்பவே சார்ஜ்ல போட்டுடுங்க, நான் சொல்ல வேண்டியது கொஞ்சம் நீளம். நடுவுல அணைஞ்சு போனா மறுபடி முதல்லேர்ந்து சொல்லணும். எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல, பேசறதுதான் என் பொழைப்பு. உங்களுக்குத்தான் வீட்டுக்குப் போக நேரமாகும்.

தொழில் என்னன்னு கேட்டீங்க. வராத டேப்பைப் பத்திப் பேசறது. வந்த டேப்பைப் பத்தி எவன் வேணா பேசுவான், கையில வச்சுக்கிட்டுப் பேசறதுல என்ன இருக்கு? கம்பெனிக்காரன் வாயே திறக்காம இருக்கும்போது, அதுல எத்தனை கேமரா, எவ்வளவு கனம், பட்டன் எந்தப் பக்கம்னு சொல்றதுக்குத் தனி மூக்கு வேணும். குழந்தை பொறக்கறதுக்கு முன்னாடியே அதுக்கு யார் ஜாடைன்னு சொல்ற சித்தப்பா எல்லா வீட்லயும் ஒருத்தர் இருப்பார்ல, அந்த ரகம். அந்தச் சித்தப்பாவை லட்சம் பேர் பார்த்தா அதுக்குப் பேர் சேனல்.

இந்தத் தடவை நான் சொன்னது கால். டேப்போட முதுகுல மடக்கி வச்ச ஒரு கால் வரும், இழுத்து விட்டா டேப் தானா மேஜை மேல நிக்கும்னு சொன்னேன். எதை வச்சுச் சொன்னேன்னு கேட்பீங்க. எவனோ ஒருத்தன் ஏதோ தொழிற்சாலையில எடுத்ததுன்னு ஒரு போட்டோ போட்டிருந்தான். கை நடுங்கி எடுத்த போட்டோ. முதுகுப் பக்கத் தகட்டுல, கீழ ஒரு கோடு தெரிஞ்சுது. நிழல்னான் ஒருத்தன், ஒட்டியிருந்த ஸ்டிக்கரோட ஓரம்னான் இன்னொருத்தன். நான் கால்னேன். உள்ளதைச் சொல்லிடறேன், அன்னிக்கு எனக்கே நிச்சயமில்ல. பேச வேற ஒண்ணும் இல்லாத வாரம் அது.

அப்புறம் பாருங்க, வெளிநாட்டு சைட் ஒண்ணு எழுதுச்சு: புது டேப்புக்குக் கால் வரலாம்னு நம்பத்தகுந்த வட்டாரங்கள் சொல்லுதாம். அதை நாலு பேர் எடுத்துப் போட்டாங்க. உறை செய்யறவங்க இருக்காங்களே, டேப் வெளிவர்றதுக்கு முன்னாடியே அளவைக் கேள்விப்பட்டு உறை வெட்டி வச்சிடுவாங்க, இல்லைன்னா முதல் நாள் வியாபாரம் போயிடும். அவங்க உறையோட முதுகுல கால் வர்றதுக்கு ஒரு சந்து விட்டு வெட்டினாங்க. அந்த உறையை நான் வாங்கி சேனல்ல காட்டி, 'பாருங்க, உறைக்காரனுக்கே தெரிஞ்சிருக்கு'ன்னு சொன்னேன். அன்னிக்கு நான் மனசார நம்பினேன் மேடம். நான் கிளப்பி விட்டது ஊரெல்லாம் சுத்திட்டு என் வீட்டுக்கே வந்து நின்னப்ப எனக்கு அடையாளம் தெரியல.

என் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சுது. அவ கண் ஆஸ்பத்திரியில டோக்கன் குடுக்கற இடத்துல இருக்கா, நாள் பூரா மனுஷங்களைப் பார்க்கறவ. "என்னங்க, அந்த வட்டாரம்ங்கறது நீங்கதானே? ஒத்தை ஆள் எப்படிங்க வட்டாரம் ஆவாரு?"ன்னு கேட்டா. "ஆமா, நீங்க புடிச்ச முயலுக்கு மூணு கால், நீங்க புடிச்ச டேப்புக்கு ஒரு கால்"னு சொல்லிட்டு வெங்காயம் நறுக்கப் போயிட்டா. நல்ல பொண்ணு, வாய்தான் கொஞ்சம் நீளம். அது அந்தக் குடும்பத்துக்கே உள்ளது.

சேனல் பார்க்கற பசங்க எனக்குக் கால் மாமான்னு பேர் வச்சிட்டாங்க. எனக்கு எதிரா ஒரு கூட்டம், அவங்களுக்குக் கால்வாரின்னு பேர். சண்டை முத்திப் போய் நானும் ரோஷத்துல, கால் வரலைன்னா நேரலையிலேயே என் மீசையில பாதியை வழிச்சுக்கறேன்னு சத்தியம் பண்ணிட்டேன். சிரிக்காதீங்க மேடம். முழு மீசைன்னா மானமா எடுத்துட்டுப் போயிடலாம். பாதி மீசையோட ஒரு மனுஷன் பால் பாக்கெட் வாங்கப் போக முடியுமா?

இப்ப என் மச்சினன் விஷயத்துக்கு வர்றேன். பொண்டாட்டியோட தம்பி. வீட்ல டிஸ்ப்ளேன்னு கூப்பிடுவோம். பெரிய டேப் கடையில, கண்ணாடி மேஜை மேல மாடல்களை அடுக்கி, வர்றவங்க தொட்டுப் பார்க்கற மாதிரி தயார் பண்ணி வைக்கற வேலை அவனுக்கு. மூக்கும் முழியுமா இருப்பான், சட்டையில ஒரு மடிப்பு கலையாது. என்னைக் கண்டா கிண்டல் பண்ணாம இருக்க மாட்டான். மாமன் மச்சான்னா அப்படித்தான், நானும் குடுப்பேன். எங்களுக்குள்ள பகையே கிடையாது, இதை நீங்க தனியா எழுதிக்கலாம்.

புது மாடல் வர்றதுக்கு முன்னாடி அந்தக் கடையில ஒரு வழக்கம் உண்டு. பெட்டி வந்து இறங்கினதும், அதைப் பிரிக்கற ஆளுங்ககிட்ட போனை வாங்கி வச்சுக்குவாங்க. பார்த்ததை வெளிய சொன்னா வேலை போயிடும். வெளியீட்டுக்கு முந்தின நாள் சாயந்திரம் அவனுக்குக் குளிச்சு உடை மாத்திட்டு வர மட்டும் விட்டாங்க. கடைக்கு எங்க வீடுதான் பக்கம். குளிச்சான், அடுப்படியில நின்னு அக்காகிட்ட ஏதோ குசுகுசுன்னு பேசி ரெண்டு பேரும் சிரிச்சாங்க, அப்புறம் பின்னால நான் பேசற ரூமுக்கு வந்தான்.

"மாமா, பார்த்துட்டேன்"னான்.

நான் எழுந்தே நின்னுட்டேன். "இருக்கா?"

மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு, "ரேசரைத் தீட்டி வச்சுக்கோங்க மாமா. கால் இல்ல, கையும் இல்ல, மொழுமொழுன்னு சப்பாத்திப் பலகை மாதிரி இருக்கு. நாளைக்குக் காலைல எங்க கடைப் பசங்க எல்லாரையும் கூட்டிட்டு வந்து உங்க நேரலையில உக்கார வைக்கப் போறேன்"னான்.

அந்த ரூம்ல ஒரு பெட்டி உண்டு, நீங்களே பார்த்திருப்பீங்க. தெருச்சத்தம் பதிவாகாம இருக்க கார்பென்டர் ஒருத்தர் செஞ்சு குடுத்தது. ஒரு ஆள் நாற்காலி போட்டு உட்காரலாம். சுத்தி பஞ்சு, ரெட்டைக் கதவு, விளிம்புல ரப்பர். கதவு தானா திறந்துக்குதுன்னு வெளிய ஒரு தாழ்ப்பாள் போடச் சொன்னேன். காத்துக்கு மேல ஒரு குழாய், அதோட வெளி வாயில ஒரு சின்ன ஃபேன். அந்த மனுஷன் வேலைன்னா வேலை, ஒரு குண்டூசி விழற சத்தம்கூட வெளிய வராது. அவர் நம்பர் வேணும்னா தர்றேன்.

"மாப்ள, மைக்ல ஏதோ கரகரன்னு வருது, உள்ள போய் ஒண்ணு ரெண்டு சொல்லு"ன்னேன். போய் உட்கார்ந்தான். தாழ்ப்பாளைப் போட்டேன். திட்டம்னு எதுவும் இல்ல, கை தானா போட்டுச்சு. நாளைக்கு வெளியீடு முடியற வரைக்கும் அவன் வாயைத் திறக்காம இருந்தா போதும், அவ்வளவுதான் என் ஆசை. உள்ள தண்ணி பாட்டில் இருந்துது. ஃபேன் ஓடிட்டிருந்தது. நான் ஒண்ணும் கல்நெஞ்சக்காரன் இல்ல.

ஹெட்ஃபோனைப் போட்டுக் கேட்டேன், உள்ள மைக் இருக்கில்ல. முதல்ல சிரிச்சான். அப்புறம், "மாமா, போதும், வெளையாடாதீங்க, கடையில தேடுவாங்க"ன்னான். கொஞ்ச நேரம் கழிச்சு, "ஐயோ மாமா, கால் இருக்கு மாமா. நெசமா இருக்கு. உண்மையைச் சொன்னா நீங்க உடனே சேனல்ல போட்டுடுவீங்க, என் வேலை போயிடும்னுதான் மாத்திச் சொன்னேன். நாளைக்கு உங்க மூஞ்சியைப் பார்க்கணும்னு ஒரு ஆசை"ன்னான்.

நீங்களா இருந்தா நம்புவீங்களா மேடம்? உள்ள மாட்டினவன் வெளிய வர என்ன வேணா சொல்வான். இதை உங்களை விட யாருக்குத் தெரியும். ஹெட்ஃபோனைக் கழட்டி வச்சிட்டுச் சாப்பிடப் போனேன்.

பொண்டாட்டி, "டிஸ்ப்ளே எங்கே?"ன்னா. கடைக்குப் போயிட்டான்னேன். அவ என்னைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கிட்டா. என்ன சிரிப்புன்னு எரிஞ்சு விழுந்தேன். "ஒண்ணுமில்ல, நாளைக்குத் தெரியும்"னு சொல்லிட்டுத் தட்டை எடுத்துட்டுப் போயிட்டா. அவளுக்கும் விஷயம் தெரியும், தம்பி அடுப்படியிலேயே சொல்லிட்டான். அப்பவே வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் போய்த் திறந்து விட்டிருப்பேன். அக்கா தம்பி சேர்ந்து என்னை முட்டாளாக்கினதுல வந்த வினை இது. நான் யாரையும் குத்தம் சொல்லல, நடந்ததைச் சொல்றேன்.

மறுநாள் அவ ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிப் போனதும் கடை மேனேஜர் போன் பண்ணாரு, நேத்து குளிக்கப் போன ஆள் இன்னும் வரலையேன்னு. காய்ச்சல்னு சொன்னேன். இந்த நாள்லயா காய்ச்சல்னு அவர் வருத்தப்பட்டாரு, உண்மையிலேயே தங்கமான மனுஷன். பெட்டியில ஆள் இருக்கறதால நான் வெளிய மேஜை போட்டு, பழைய மைக்கை மாட்டி, நேரலையை ஆரம்பிச்சேன். பழைய மைக் எல்லாத்தையும் வாரி இழுத்துக்கும். ஆரம்பிச்சதுமே பசங்க எழுதறாங்க, 'கால் மாமா, பின்னால என்ன மிக்ஸியா ஓடுது'ன்னு. ஃபேன் சத்தம். சரின்னு அதை நிறுத்திட்டேன்.

அந்தப் பெட்டிக்குள்ள ஃபேன் இல்லாம எப்படி இருக்கும்னு எனக்கு நல்லாவே தெரியும். நான் பதிவு பண்ணும்போது அதை நிறுத்திட்டுத்தான் பேசுவேன், கொஞ்ச நேரத்துல வேர்த்து ஊத்தி, தலை கிறுகிறுத்து, கதவைத் தள்ளிட்டு ஓடி வருவேன். தெரியாம நடந்துடுச்சுன்னு என் வக்கீல் சொல்லச் சொல்றாரு. தெரியாமன்னு சொன்னா அது பொய்யாயிடும்.

வெளியீடு அவங்க சொன்ன நேரத்துக்கா ஆரம்பிக்கும்? இசை ஓடுது, மேகம் ஓடுது, ஒருத்தர் மேடை மேல நடந்து வந்து கம்பெனியோட மனசாட்சியைப் பத்திப் பேசறாரு. கதவுப் பக்கம் லேசா அதிர்வு இருந்தது, மேஜை மேல டம்ளர்ல தண்ணி ஆடுச்சு. நாற்காலியை நகர்த்திக் கதவுல சாய்ஞ்சு உட்கார்ந்துக்கிட்டேன். அப்புறம் டம்ளர் ஆடல.

கடைசியில டேப்பைத் திருப்பிக் காட்டினாங்க. முதுகுல ஒரு கோடு. அந்த ஆள் விரலை வச்சு இழுத்தாரு. கால், மேடம். வெள்ளி நிறத்துல, மெல்லிசா, நான் சொன்ன அதே இடத்துல. டேப் மேஜை மேல நின்னுச்சு.

எனக்கு அழுகையே வந்துடுச்சு. கால்வாரிக் கூட்டம் ஒருத்தன் விடாம வந்து மன்னிப்பு கேட்டான். அந்த வெளிநாட்டு சைட்ல என் சேனல் பேரைப் போட்டு எழுதினான். நான் என் வாழ்க்கையில எதையும் முதல்ல சொன்னது கிடையாது. வீட்ல நான் நாலாவது பிள்ளை, நான் பேச ஆரம்பிக்கறதுக்குள்ள யாராவது பேசி முடிச்சிருப்பாங்க.

நீங்க இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கறீங்க: கால் வந்துடுச்சு, மச்சினன் சொன்னது உண்மைன்னு தெரிஞ்சு போச்சு, இனி அவனை அடைச்சு வைக்கக் காரணமே இல்ல, அப்புறம் ஏன் எழுந்து திறக்கலைன்னு. அப்பத் திறந்திருந்தாக்கூட பிழைச்சிருப்பான்னு டாக்டர் சொன்னதாச் சொல்றீங்க. அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா பார்க்கற கூட்டம் ஏறிக்கிட்டே போகுது மேடம், அந்த நேரத்துல எழுந்து போனா எவன் காத்திருப்பான்? கேள்வி மேல கேள்வி வருது. காலோட கீல் எந்த உலோகம், எத்தனை தடவை மடக்கினா தேயும், அடுத்த வருஷம் ரெண்டு கால் வருமா? ஒவ்வொருத்தனுக்கும் பதில் சொன்னேன். சாயந்திரம் என் பொண்டாட்டி கையில ஒரு பூங்கொத்தோட உள்ள வந்து, "ஜெயிச்சிட்டீங்க போல. டிஸ்ப்ளே போன் எடுக்கவே மாட்டேங்கறான், கடையில கேட்டா காய்ச்சல்ங்கறாங்க"ன்னப்பவும் பேசிக்கிட்டுத்தான் இருந்தேன். பத்து நிமிஷம் இருன்னு சைகை காட்டினேன். அவ நாற்காலியைப் பார்த்தா, தாழ்ப்பாளைப் பார்த்தா. என்னை நாற்காலியோட தள்ளிட்டு அவளே திறந்தா. அதுவும் நேரலையில போயிருக்கு, நீங்க பார்த்திருப்பீங்க.

தவளை தன் வாயால கெடும்னு சொல்வாங்க. அவன் மட்டும் அன்னிக்கு வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருந்தா இப்ப கடையில கண்ணாடி துடைச்சிட்டிருப்பான். சரி, அதை விடுங்க. தாழ்ப்பாளைப் போட்டது நான், ஃபேனை நிறுத்தினது நான், கதவுல சாய்ஞ்சு உட்கார்ந்ததும் நான். கொலைன்னே எழுதிக்கோங்க, கையெழுத்துப் போடறேன்.

தட்டின சத்தம் கேட்டுச்சான்னு கேட்டதுக்கு இதுவரைக்கும் இல்லைன்னு சொன்னேன். கேட்டுச்சு. சத்தமா இல்ல, முதுகுல உணர்ந்தேன். மேடையில காலை இழுத்துக் காட்டின அதே நேரம், பின்னால மெதுவா, விட்டு விட்டு, நாலஞ்சு தட்டு. திறக்கச் சொல்லித் தட்டினான்னு நீங்க நினைக்கறீங்க. எனக்கு அப்படித் தோணல மேடம். அன்னிக்கு எனக்காக எத்தனையோ பேர் கைதட்டினாங்க, முதல்ல கைதட்டினவன் என் மச்சினன்தான்.