ஐயாசாமியின் நெற்றிக்காசு

இரட்டை உலோகக் காசை விளிம்பில்தான் பிடிக்க வேண்டும், ஐயா. முகத்தில் விரல் பட்டால் ரேகை பதிந்து மதிப்பு இறங்கிவிடும். உங்கள் போலீஸ்காரர்கள் என் ஆல்பத்தைப் புரட்டியபோது இதைத்தான் சொன்னேன். திமிர் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஐயாசாமிக்கும் எனக்கும் இந்தப் பைத்தியம் ஒன்றாகத்தான் பிடித்தது. இருவரும் மலேசியாவில் பெக்கான் நானாஸ் ஊர்க்காரர்கள், சிங்கப்பூரில் ஒரே கிடங்கில் வேலை. தாய்லாந்து பத்து பாட், இந்தியப் பத்து ரூபாய், இரண்டு யூரோ என்று வெளியே ஒரு நிறமும் நடுவில் ஒரு நிறமுமாக இருக்கும் காசாகத் தேடினோம். படிப்பும் அலைச்சலும் என்னுடையவை. அதிர்ஷ்டம் மட்டும் அவர் பக்கம். காப்பிக் கடையில் மீதியாக வந்த சிங்கப்பூர் ஒரு வெள்ளியில், அந்த ஒரு டாலர் காசில், நடுவட்டம் விலகி, வெளிவளையத்தின் மேல் ஏறியிருந்தது. அச்சுப் பிழை. என் ஆல்பம் முழுவதும் சேர்ந்தாலும் அதற்கு ஈடாகாது. அவரோ அதைச் சட்டைப் பையில் சாவியோடு போட்டுத் தேய்த்துக்கொண்டு திரிந்தார். எனக்கு வயிறு எரியும். எவ்வளவு கேட்டும் விற்கவில்லை.

போன மாதம் அவர் வீட்டில் பேசிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். அப்போதும் காசு அவர் கையில்தான் இருந்தது. மனைவி தனலெட்சுமி அடுப்படியிலிருந்து ஓடிவந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பக்கத்திலேயே இருந்தேன், ஒன்றும் செய்ய முடியவில்லை என்று தனலெட்சுமியிடம் சொன்னேன். உங்களிடமும் முதலில் அப்படித்தான் சொன்னேன்.

மூடியிருந்த கையைத் தனலெட்சுமிதான் பிரித்தார். “கடைசி வரைக்கும் இதத்தானே பிடிச்சிருந்தாரு, இதையே நெத்தியில வைங்க” என்றார். சந்தனத்தில் ஒட்டி வைத்தார்கள். ஐயா, அது நெருப்புக்குப் போகிற காசா? அந்தச் சூட்டில் நடுவட்டம் கழன்றுவிடும்.

வாய்க்கரிசி போடும்போது, பொட்டு காய்ந்துவிட்டது என்று சொல்லிக் குனிந்தேன். அதை எடுத்துவிட்டு வேறொரு சிங்கப்பூர் ஒரு வெள்ளியை ஒட்டினேன். தேய்ந்ததை வைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. நண்பர் நெற்றிக்குக் கீறல் விழுந்த காசை வைக்க என்னால் முடியவில்லை. புழக்கத்துக்கே போகாத, கண்ணாடி போன்ற ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் போயிருந்தேன். அந்த மரியாதைதான் என்னைக் காட்டிக்கொடுத்தது.

பெட்டியை மூடப் போன சமயம் தனலெட்சுமி கடைசியாகக் குனிந்து பார்த்தார். “தங்கராஜு அண்ணே, அவரு காசு கறுத்துல்ல இருந்துச்சு? இது எப்படிலா இப்படி மினுங்குது?”

என்னையே பார்த்தார். காரியமெல்லாம் முடிந்த பிறகு உங்களிடம் வந்திருக்கிறார்.

எனக்கு இப்போது பயமாக இருக்கிறது, ஐயா, ஆனால் உங்களிடம் இல்லை. மல்லாந்து படுத்தால் நெற்றி நடுவில் காசளவுக்குக் குளிர்கிறது. தடவிப் பார்த்தால் ஒன்றும் இருப்பதில்லை, சந்தன வாசனை மட்டும் விரலில் ஒட்டுகிறது. வீட்டில் சந்தனமே கிடையாது. ஆல்பத்தைத் திறந்தால் ஒவ்வொரு நடுவட்டமும் கொஞ்சம் விலகியிருப்பதாகத் தெரிகிறது. அதனால்தான் மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

நெஞ்சுவலிக்கு நாக்குக்கடியில் வைக்கும் மாத்திரைப் புட்டி நாற்காலியில் தொங்கிய அவர் சட்டைப் பையில் இருந்தது. அவர் அதைக் கைகாட்டினார். நான் எடுத்தேன், மூடியையும் திறந்தேன். “மொதல்ல காச குடுங்க ஐயாசாமி” என்றேன். அதட்டவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டேன். அவர் கை இன்னும் இறுகியது. அடுப்படியில் ஏதோ பொரியும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் காத்திருந்தேன். காலடி கேட்டதும் மாத்திரையைப் பழைய இடத்தில் வைத்தேன்.

வலியில் விரல்கள் அப்படி இறுகும் என்று உங்கள் டாக்டர் சொல்லக்கூடும். அவருக்கு ஐயாசாமியைத் தெரியாது. விரலைப் பிரித்திருந்தால் நான் மாத்திரையைக் கொடுத்திருப்பேன். ஒரு காசுக்காக உயிரையே விடுகிற மனிதர் அவர்.