டாலர் ஏறியபோது ஏன் சொல்லவில்லை?

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் பெரியவர் நாகூர் மீரான் அவர்களே! ஆண்டு விழாவுக்குப் பந்தலும் போட்டு, எனக்குத் தலைப்பும் தந்திருக்கும் இறால் கம்பெனி முதலாளி திருவாளர் சவியே அவர்களே! வேலை முடித்து ஈரப் புடவையோடு மண்டபத்தூரிலிருந்து வந்திருக்கும் தாய்மார்களே! தலத்தெருத் தம்பிமார்களே! வணக்கம்.

தலைப்பு, 'உலக வணிகச் சட்டமும் நாடுகளின் நாணய ஒத்துழைப்பும்'. ஏன் இந்தத் தலைப்பு? முதலாளியே நேற்று சொன்னார்: "அல்லி, நீங்க காலேஜ்ல காமர்ஸ் சொல்லித் தர்றவங்க. நாளையிலேருந்து கூலி ஏன் குறையுதுன்னு நீங்க சொன்னா கேட்டுக்குவாங்க." சொல்கிறேன்! இறால் உரித்த என் தாயின் கூலியில் படித்த படிப்பை, இறால் உரிப்பவர்களுக்கே சொல்கிறேன்!

உலக வணிகச் சட்டத்தின் உயிர் எது? பந்தி வஞ்சனை கூடாது என்பது. ஒரு நாட்டுக்கு வரியைக் குறைத்தால், ஒப்பந்தத்தில் ஒப்பமிட்ட எல்லா நாட்டுக்கும் குறைக்க வேண்டும். ஓர் இலைக்கு நெய், அடுத்த இலைக்கு மோரா? நாணய ஒத்துழைப்பு எது? ஒரு நாடு முடைப்பட்டால் கைகொடுக்க, நாடுகள் கூடிப் போட்ட பொது நிதி. எழுபத்தொன்றில் டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த முடிச்சு அவிழ்ந்தது. பிறகு டாலரின் மதிப்பு ஏறும், இறங்கும்.

எழுபத்தெட்டில் இறங்கியது. மேஸ்திரி ஓடி வந்தார். "டாலர் விழுந்துடுச்சும்மா, கூலி குறையும்" என்றார். அதோ, நம் குஞ்சம்மா அக்கா கேட்டார்: "விழுந்தது அது, அடிபடுறது நாங்களா?"

சிரிக்கிறீர்கள். அன்றும் சிரித்துவிட்டுக் குறைந்த கூலியைத்தான் வாங்கினோம்! இன்று எண்பத்தைந்து. டாலர் ஏறியிருக்கிறது. அதே இறாலுக்குக் கம்பெனிக்கு வரும் ரூபாய் கூடியிருக்கிறது. ஏறியபோது மேஸ்திரி ஓடி வந்தாரா? என்னங்க, கடைசி வரிசை, காதுல விழலியே! ஆமாம், வரவில்லை! இறக்கத்தில் நமக்குப் பங்கு, ஏற்றத்தில் இல்லையென்றால் இது பந்தி வஞ்சனை அல்லாமல் வேறென்ன?

இப்போது கூலியைக் குறைக்க என்ன காரணம்? நம் இறாலை வாங்கும் நாடு வரியைக் கூட்டிவிட்டதாம். கூட்டினால் கேட்க டில்லி இருக்கிறது, சட்டம் இருக்கிறது. அங்கே கேட்க நாவெழாமல், ஐஸில் வெடித்த விரல்களிடமா வசூலிப்பது?

துண்டுச்சீட்டு வருகிறது. 'நேரமாகிவிட்டது, முடிக்கவும்.' முடிக்கிறேன் ஐயா. குறைத்த கூலிக்கு நாளை வேலையில்லை என்பவர்கள் கையைத் தூக்குங்கள்! அனெத் அக்கா, பயப்படாதீங்க, நல்லா தூக்குங்க! முதலாளி அவர்களே, குனியாதீர்கள், பாருங்கள். இந்தக் கைகள் நாளை ஓர் இறாலையும் தொடா!

பேச அழைத்ததற்கு நன்றி. இனி அழைக்கமாட்டீர்கள், ஆகவே அடுத்த ஆண்டு வணக்கத்தையும் இன்றே சொல்லி அமர்கிறேன்.