கிரகணம் பார்த்த படம்

எங்கள் பக்கத்தில் எக்ஸ்ரே படத்தை யாரும் தூக்கிப் போட மாட்டார்கள் ஐயா. கிரகணம் வந்தால் சூரியனைப் பார்க்க உதவும். கல்குவாரியில் வருஷம் ஒரு தடவை எல்லோரையும் செங்கல்பட்டுக்கு அனுப்பி நெஞ்சைப் படம் பிடிப்பார்கள். அதனால் வீட்டுக்கு வீடு படம் உண்டு. படத்தில் நம்பர்தான் இருக்கும். பெயர் உறையின் மேல்.

நான் வெடி மேஸ்திரி லட்சுமணன். நாலாவது வரை படிப்பு. டாக்டர், காகிதம், முதலாளி, எதையும் நம்பாதவன். காத்திருக்கவும் எனக்கு வராது. உட்கார்ந்தால் கால் ஆடிக்கொண்டே இருக்கும்.

திரிக்கு நெருப்பு வைக்குமுன் மூன்று விசில் ஊத வேண்டும். தொண்ணூற்றெட்டு மாசியில் ஒரு நாள் இரண்டுதான் ஊதினேன். வாயில் புகையிலை ஊறிவிட்டது. துப்பிவிட்டு மூன்றாவதை ஊதியிருக்கலாம். பற்றவைத்துவிட்டேன். மூன்றாவதற்குள் திரும்பிவிடலாம் என்று, வெடிக்குழிப் பக்கம் விட்டுவந்த கடப்பாரையை எடுக்கப் போயிருந்தான் என்னிடம் வேலை பார்த்த ஜெகதீசன்.

அவன்மேல் ஒரு கல்லும் விழவில்லை. மூச்சு மட்டும் இழுத்தது. "காது கொய்ங்குனு கீது நைனா. மூணாவது விசிலு எனக்குக் கேக்கவே இல்ல" என்றான். நான் திருத்தவில்லை.

எக்ஸ்ரே கடையில் அவனை வெளியே பெஞ்சில் உட்காரவைத்தேன். படம் எடுத்த காசிநாதன் அதை வெளிச்சத்தில் மாட்டினான்.

"இத பாரு பெரிசு. கறுப்பா கீறது காத்து. இவனுக்கு ரெண்டு பக்கமும் வெள்ளையா கீது. வெடி அடிச்சதுல உள்ள ரத்தம் கட்டிகினு கீது. இப்பவே பெரியாஸ்பத்திரிக்கு இட்டுகினு போ."

பெரியாஸ்பத்திரி என்றால் போலீஸ் வரும். எத்தனை விசில் என்று கேட்பார்கள். அவனை அவன் வீட்டில் விட்டேன். என் வீட்டுக்குப் போய், என் படத்தை அவன் உறையிலும் அவன் படத்தை என் உறையிலும் போட்டேன். என் நெஞ்சு சுத்தம். நல்ல கறுப்பு.

மறுநாள் படுக்க முடியாமல், உட்கார்ந்தபடியே தவித்தான். உதடு நீலம். அவன் மனைவி வேண்டா மூன்று தடவை கேட்டாள்: "மாமா, ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போலாமா?"

படத்தை வெயிலில் பிடித்துக் காட்டினேன். "நீயே பாரு. கறுப்பா, சுத்தமா கீது. பயந்துகினு கீறான், அவ்ளோதான். சுக்குக் கசாயம் குடு."

அவள் நம்பினாள். அவன் அவளைவிட நம்பினான். நான் வாசலில் இங்குமங்கும் நடந்துகொண்டே இருந்தேன். சாயந்தரம் செத்துப்போனான்.

மறு வருஷம் ஆடியில் கிரகணம் வந்தது. தெருவே படத்தோடு நின்றது. வெறுங்கையோடு நின்றால் ஏன் என்று கேட்பார்கள். நானும் என் உறையில் இருந்ததை எடுத்துப் போனேன். ஜெகதீசன் மகள் திவ்யா, ஏழு வயசு, அதைப் பிடுங்கிப் பார்த்து முகம் சுளித்தாள்.

"இன்னா தாத்தா ஒன் படம், ஒரே வெள்ள, கண்ணு கூசுது. எங்கப்பா படந்தான் சோக்கா கீது."

"அதயே வெச்சிப் பாரு கண்ணு" என்றேன்.

அந்தக் குழந்தையின் கண் இன்றைக்கும் நன்றாக இருக்கிறது. என் படம் அவள் வீட்டில் இருந்ததால்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.