திரைக்கு வெளியே நீட்டிய கை

1938 ஒக்டோபர் 12, புதன்கிழமை, காலை 7.40 மணி. கொட்டாஞ்சேனைப் பொலிஸ் நிலையத்தில் சார்ஜன் பாலசுந்தரம் முன்னிலையில் சொல்லப்பட்டது.

என் பெயர் பலீலா. காலஞ்சென்ற மீரா சாஹிபின் மகள். வயது 31. விதவை. கொட்டாஞ்சேனையில் வாப்பா விட்டுப்போன வீட்டில் வசிக்கிறேன். என் தங்கை ஸமீமாவின் கணவர் மஜீட்டும் அவர்களுடைய மகள் ஜவாஹிறாவும் அதே வீட்டில் இருக்கிறார்கள். ஸமீமா மௌத்தாகிவிட்டாள். அவளை அடக்கிய கபுரை இன்று பத்து மணிக்குத் திறக்கப் போவதாகக் கேள்விப்பட்டு, ரிக்‌ஷாவில் ஏறித் தனியே இங்கு வந்தேன். இதற்கு முன் நான் தனியே வீதியில் இறங்கியதில்லை. மிகவும் பயமாக இருக்கிறது.

சென்ற வருடம் மார்ச் மாதம் ஹியூபேட் என்னும் இன்சூரன்ஸ் ஏஜன்ட் எங்கள் வீட்டுக்கு வந்து, அப்போது உயிரோடிருந்த வாப்பாவுடனும் மச்சான் மஜீட்டுடனும் கதைத்ததை, நானும் ஸமீமாவும் திரைக்குப் பின்னால் இருந்து கேட்டோம். தன் கொம்பனி லண்டனில் நூறு வருடமாக நடப்பதாகவும், பம்பாய், சிங்கப்பூர், கேப்டவுண் எங்கும் கிளைக் கந்தோர் உள்ளதாகவும், கப்பலுக்கும் அதில் வரும் அரிசி மூட்டைக்கும், கடையில் நெருப்புப் பிடித்தாலும், மனித உயிருக்கும் பொறுப்பெடுப்பதாகவும் சொன்னார். "பொம்பிளைப் பிள்ளையின்ட கலியாணத்துக்கெண்டே ஒரு பொலிசி இருக்கு. தாய் இருந்தாலும் இல்லாட்டியும் பிள்ளைக்குக் கிடைக்கும்" என்றார். அதைக் கேட்டு ஆசைப்பட்டவள் ஸமீமாதான்.

அதன் பிறகு ஒரு கிழமை கழித்து, ஸமீமாவின் பேரில் பொலிசி எடுப்பதற்காக அவளைப் பரிசோதிக்க ஏஜன்ட் கொம்பனி டொக்டரைக் கூட்டி வந்தார். மச்சான் அன்று வியாபார அலுவலாக மருதானைக்குப் போயிருந்தார். கண் மங்கிய வாப்பா மட்டும் கூடத்தில் இருந்தார். எங்கள் வீட்டுப் பெண்கள் வேற்று ஆண்கள் முன் வருவதில்லை என்பதால், திரைக்கு வெளியே கையை மட்டும் நீட்டுவது, டொக்டர் நாடி பார்ப்பது, கேள்விகளை ஏஜன்ட் தமிழில் கேட்பது என்று ஏற்பாடு. டொக்டரின் சப்பாத்துச் சத்தம் கேட்டதும் ஸமீமா கையைச் சேலைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டாள். அவளுக்கு ஒரு நோயும் இருக்கவில்லை, பயம் மட்டும்தான். "எனக்கு ஏலா ராத்தா. நீங்க கைய நீட்டுங்க. ஆருக்குத் தெரியப் போகுது?" என்றாள்.

அதன் பிறகு நான் என் இடக் கையை நீட்டினேன். பதில்களை அவள் சொன்னாள். டொக்டர் என் மணிக்கட்டைத் திருப்பி, முன்பு எண்ணெய் தெறித்துச் சுட்ட தழும்பை விரலால் தொட்டு ஏதோ எழுதினார். ஆளடையாளம் எழுதுகிறார் என்று எனக்குத் தெரியாது. அவர்கள் போன பின் நாங்கள் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

இந்த வருடம் ஓகஸ்ட் மாதம் ஸமீமா நெருப்புக்காய்ச்சலில் மௌத்தானாள். அதன் பிறகு பொலிசிப் பணம் சம்பந்தமாகக் கொம்பனி ஆள் விசாரணைக்கு வந்து, அவளுடைய மையித்தைக் குளிப்பாட்டிய பெண்ணிடம் கையில் தழும்பு இருந்ததா என்று கேட்க, அவள் இல்லை என்று உண்மையைச் சொன்னாள். அதனால், பொலிசி எடுத்தவள் உயிரோடு ஒளிந்திருக்கிறாள், வேறு யாரையோ அடக்கிவிட்டார்கள் என்று கொம்பனி முறைப்பாடு செய்தது. நேற்று மாலை பொலிஸார் மச்சானை வீட்டிலிருந்து இங்கு பிடித்து வந்தார்கள். புறப்படும்போது வீட்டு வாசலில் நின்று, "ஆருக்கும் ஏதும் தெரிஞ்சா அல்லாஹ்வுக்காகச் சொல்லுங்க" என்று அவர் வீட்டுக்குள் பார்த்துக் கேட்டார். நான் உள்ளறையில்தான் நின்றேன். என்னையும் மறியலில் அடைத்துவிடுவார்கள் என்று பயந்து வாய் திறக்கவில்லை.

மச்சானுக்கு இதில் ஒன்றும் தெரியாது. ஏஜன்டுக்கும் தெரியாது. கையை நீட்டியது நான். சற்று முன் தழும்பைச் சார்ஜன் ஐயாவுக்குக் காட்டினேன். அந்த டொக்டரும் வந்து பார்க்கலாம். என்னை மறியலில் போட்டாலும், கொம்பனி ஒரு சதமும் கொடுக்காவிட்டாலும் சரி. நாடி பார்க்கக்கூட ஓர் ஆணிடம் கை கொடுக்கப் பயந்தவள் அவள். அவளைச் சுற்றிய கபன் துணியை அவிழ்த்துக் கையைத் தேட வேண்டாம்.

இதை எனக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. ஒருவரும் என்னை வெருட்டவில்லை. முழுவதும் உண்மை. இப்போது மணி எட்டரை. நான் ஒப்பம் வைத்தவுடன் கபுரைத் திறக்காமல் தடுக்க மையவாடிக்கு ஆள் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

(ஒப்பம், அறபுத்தமிழில்)
பலீலா